விக் வைத்துக்கொண்டு போகலாமா?

கேள்வி: புழுவெட்டால் என் தலைமுடி முழுவதும் கொட்டிவிட்டது. வேலைக்கான நேர்முகத் தேர்வுக்கு விக் வைத்துக்கொண்டு போகலாமா?
(வாசகி, மதுரை)

பதில்: புழுவெட்டு என்ற பெயரே தவறு, சகோதரி. புழுவும் இல்லை, பூச்சியும் இல்லை. உடலின் எதிர்ப்பாற்றலே மயிர்க்கால்களைத் தாக்குகிறது, யாருக்கும் ஒட்டாது. மயிர்க்கால் அழிவதில்லை என்பதால் மீண்டும் முளைக்க வாய்ப்புண்டு. கடுமையான பாதிப்புக்கு பாரிசிட்டினிப் மாத்திரையை 2022-ல் அமெரிக்கா அனுமதித்தது. தோல் மருத்துவரை அவசியம் பாருங்கள்.

விக் உங்கள் விருப்பம். ஆனால் தேர்வு நாளில்தான் முதல்முறை வைக்காதீர்கள். மதுரை வெயிலில் வியர்த்து நழுவினால், கேட்கும் கேள்வி காதில் விழாது. ஒரு வாரம் வீட்டில் பழகுங்கள். வெறுந்தலையோடு போனாலும் குறையில்லை. யாராவது கேட்டால், “இது தொற்று இல்லை, வேலையைப் பாதிக்காது” என்ற ஒரு வரி போதும். விண்ணப்பத்தில் பழைய படம் இருந்தால் மட்டும் மாற்றிவிடுங்கள்.