இருபத்தொரு விளக்கும் ஒரு நிழலும்

மட்டாஞ்சேரி அரண்மனைச் சுவரில் இராமாயண ஓவியங்களை நம்மில் பலர் கண்டிருப்போம். அவை அசைவதில்லை. பாரதப்புழைக் கரைப் பகவதி கோயில்களிலோ அக்கதை நிழலாய் நடமாடுகிறது. தோல்பாவைக் கூத்து என்பர். பாடப்படுவது கம்பன் பாட்டு. பாடிப் பொருள் விரிப்போர் ‘புலவர்’.

கூத்துமாடத்தில் நீண்ட வெண்திரை. அதன் பின்னே தேங்காய் மூடிகளில் 21 எண்ணெய் விளக்குகள். பௌதிகம் பயில்வோர் கேட்க வேண்டாவா: 21 விளக்குக்கு 21 நிழல் விழாதோ?

என் அறையில் இரு மெழுகுவத்திகளை 30 செ.மீ. இடைவெளியில் நிறுத்திப் பார்த்தேன். அட்டைப் பாவை திரையைத் தொட்டிருக்கையில் நிழல் ஒன்றே. மெழுகுவத்திகளுக்கு 60 செ.மீ. முன்னும் திரைக்கு 10 செ.மீ. பின்னும் பிடித்தால் நிழல் இரண்டாகி, 5 செ.மீ. விலகியது. 30ஐ 10ஆல் பெருக்கி 60ஆல் வகுத்தால் வருவதும் அதுவே. பாவை திரையை ஒட்டி நிற்பதன் காரணம் விளங்கிற்று. இராமன் ஓரடி பின்வாங்கினால் பல இராமர்! (ஒளியியலில் வரும் மாயபிம்பம் வேறு, இது வெறும் ஒளியின்மை.)

தாரிகனோடு பொருதமையால் இராவண வதத்தைக் காணாது போன பத்திரகாளிக்காகவே இக்கூத்து என்பது ஐதிகம். ஆதலால் முற்றத்தில் ஆளில்லாத இரவிலும் புலவர் பாட்டை நிறுத்துவதில்லை. கம்பன் தமிழ் அங்கே ஒலிக்க, அத்தமிழ் விளங்கும் நாமோ இங்கே விடுதியில் உறங்குகிறோம். எனக்கும் இதில் வெட்கமுண்டு.

தை பிறந்தால் கூத்துக் காலம். ஷொர்ணூர் வண்டிக்கு நால்வர் இசைந்தால், ஐந்தாமவன் நான்.