பூஞ்சை ஆய்வுக்கு வந்திருக்கும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

கேன்டிடா அல்பிகன்ஸ் நெருக்கடிகளைச் சமாளிக்கும் விதம்தான் உன் முனைவர் பட்டத் தலைப்பு என்று எழுதியிருந்தாய். திட்டத்தைப் படித்தேன். மரபணுவை நீக்குவது, பெராக்சைடு கலந்த தட்டில் புள்ளி வைப்பது, அடுத்து உப்புத் தட்டு, அதற்கடுத்து வெப்பம். தவறில்லை, எல்லோரும் இப்படித்தான் தொடங்குகிறோம். ஆனால் அதோடு நின்றுவிடாதே.

உடலுக்குள் தொல்லைகள் வரிசையில் நின்று வருவதில்லை. நியூட்ரோஃபில் வெள்ளணு பூஞ்சையை விழுங்கியதும் அது அடைபட்ட பைக்குள் பெராக்சைடு போன்ற ஆக்சிஜன் நச்சுகளைக் கொட்டுகிறது. கூடவே பொட்டாசியமும் ஏறுகிறது. தனித்தனியே வந்தால் கேன்டிடா இவற்றுக்கு அசராது. பெராக்சைடு பட்டால் கேப்1 புரதம் உட்கருவுக்குள் போய், கேட்டலேஸ் முதலிய, நச்சை முறிக்கும் நொதிகளின் மரபணுக்களை முடுக்கிவிடும். உப்பு ஏறினால் ஹாக்1 கைனேஸ் விழித்துக்கொள்ளும். செல்லுக்குள் கிளிசரால் சேர்ந்து, சுருங்கிய செல் மறுபடி நிமிரும். இரண்டும் சேர்ந்து வந்தால்தான் வினை. அப்போது அபர்டீன் பல்கலைக்கழகத்தில் இருந்த அலிஸ்டர் பிரவுனும் கூட்டாளிகளும் 2014-இல் இதன் உள்விவரத்தை வெளியிட்டார்கள். உப்பின் அயனிகள் கேட்டலேஸின் கையைக் கட்டிவிடுகின்றன. நச்சு உள்ளே தேங்குகிறது. கேப்1 உட்கருவில் சேர்வதும் தாமதமாகிறது. தனியே தாங்கக்கூடிய அளவுகள் ஒன்றாக வரும்போது செல் செத்துப்போகிறது. உப்புத் தட்டின் முடிவையும் பெராக்சைடு தட்டின் முடிவையும் கூட்டிப் பார்த்தால் இந்தச் சாவு கணக்கில் வராது. இரண்டையும் ஒரே தட்டில், அளவுகளை மாற்றி மாற்றிக் கலந்துதான் பார்க்க வேண்டும். சலிப்பான வேலை, பக்கத்து மேசைக்காரர் சிரிக்கவும் செய்வார்.

இன்னொன்று, சர்க்கரை. நாம் வழக்கமாகப் பூஞ்சை வளர்க்கும் ஊடகத்தில் 2 சதவீதம் குளுக்கோஸ். ஆரோக்கியமானவரின் வெறும் வயிற்று இரத்தத்தில் ஏறக்குறைய 0.1 சதவீதம்தான். அந்தச் சிறிய அளவு பட்டாலே கேன்டிடாவின் ஆக்சிஜன் நச்சு எதிர்ப்பு கூடிவிடுகிறது என்று 2009-இல் தெரியவந்தது. அதாவது வெள்ளணுவைச் சந்திக்கும் முன்பே பூஞ்சை தயாராகிவிடுகிறது. லாக்டேட்டில் வளர்ந்த கேன்டிடாவுக்குச் செல்சுவரே வேறு மாதிரி. ஆகவே முந்தின இரவு எதில் வளர்த்தாய் என்பதைக் குறிப்பேட்டின் முதல் வரியில் எழுது. பல ஆய்வுக் கட்டுரைகளில் நான் தேடிச் சலித்த வரி அது.

எலிச் சோதனைக்குப் போகுமுன் அஸ்பெர்ஜில்லஸ் ஃபியூமிகாட்டஸ் என்ற இன்னொரு பூஞ்சையின் கதையைப் படித்துவிடு. கேப்1-க்கு அங்கே உறவுக்காரன் யாப்1. அதை நீக்கினால் தட்டில் பெராக்சைடைத் தாங்காது. எலியிலோ நோய் உண்டாக்கும் வீரியம் குறையவே இல்லை. இத்தனைக்கும், ஆக்சிஜன் நச்சு தயாரிக்கும் நொதி பிறவியிலேயே பழுதான நாட்பட்ட கிரானுலோமா நோயாளிகளுக்கு இதே அஸ்பெர்ஜில்லஸ்தான் பெரும் எமன். எதிரியின் ஆயுதம் முக்கியம் என்பதற்காக, பூஞ்சையின் ஒரு கேடயம் மட்டும் முக்கியம் என்று ஆகிவிடாது.

ஆகவே எலிக்கு முன், தட்டில் வாடிய உன் மரபணு நீக்கிய மியூட்டன்ட்டை மனித நியூட்ரோஃபிலோடு சேர்த்து வை. பக்கத்துக் குழியில் அதே வெள்ளணு, ஆனால் ஆக்சிஜன் நச்சு தயாரிக்கும் அந்த நொதியை, அதாவது ஆக்சிடேஸை, தடுக்கும் டிபிஐ என்ற வேதிப்பொருள் சேர்த்தது. முதல் குழியில் மியூட்டன்ட் சாதாரணக் கேன்டிடாவைவிட அதிகமாகச் செத்து, இரண்டாவதில் அந்த வித்தியாசம் மறைந்தால் எனக்கு உடனே தொலைபேசியில் சொல். இரண்டிலும் அதே அளவு வித்தியாசத்தோடு அதிகமாகச் செத்தால், அந்த மரபணுவுக்கு வேறு வேலை ஏதோ இருக்கிறது. செல்சுவரிலிருந்து தேடத் தொடங்கு.

அன்புடன்,
உன் அண்ணன்