பொம்மைக்காகக் காத்திருக்காதீர்கள்

“பொம்மை இன்னும் வரலை டாக்டர், வந்ததும் ஒத்திகையை ஆரம்பிச்சிடலாம்.” அவசர சிகிச்சைப் பிரிவுகளுக்குப் பயிற்சி கொடுக்கப் போகும் இடமெல்லாம் இதே பேச்சு. கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது. மூச்சு விடுகிற, கண் சிமிட்டுகிற, பல லட்ச ரூபாய் பொம்மை இல்லாமல் ஒத்திகையே கிடையாது என்று யார் சொன்னது?

பொம்மையின் வேலை வேறு. நார்வேயின் விளையாட்டுப் பொம்மைத் தயாரிப்பாளர் ஆஸ்மண்ட் லேர்டால் 1960இல் ‘ரெசஸி ஆன்’ பொம்மையைக் கொண்டுவந்தது, வாயோடு வாய் வைத்து மூச்சுக் கொடுக்கக் கற்பிப்பதற்காக. நெஞ்சை 5 சென்டிமீட்டராவது அழுத்தி, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை என்று கை பழகுவதற்கு இன்றும் பொம்மை வேண்டும். ஆனால் நோயாளி வாசலில் இறங்கி சிடி ஸ்கேன் மேசையில் ஏறுவதற்குள் நேரம் எங்கே கரைகிறது என்பதை எந்தப் பொம்மையும் காட்டாது.

அதற்கு ஓர் ஆள், ஒரு ஸ்ட்ரெச்சர், ஒரு கடிகாரம் போதும். ஒருமுறை இரவு டியூட்டியில் பக்கவாத ஒத்திகை நடத்தினோம். ஸ்டாஃப் நர்ஸ் ஒருவர் வலது கை விழுந்து, வாய் குழறுகிறவராகப் படுத்துக்கொண்டார். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை, வந்த 60 நிமிடத்துக்குள் போட வேண்டும். மூளையில் கசிவு இல்லை என்று ஸ்கேனில் பார்க்காமல் அதைப் போட முடியாது. டாக்டர் ஐந்தே நிமிடத்தில் நோயைச் சொல்லிவிட்டார். லிஃப்ட் வாசலில்தான் மாட்டிக்கொண்டோம். ஆக்சிஜன் சிலிண்டரோடு ஸ்ட்ரெச்சர் உள்ளே நுழையவில்லை. எப்படியோ மேலே போனால் ஸ்கேன் அறை பூட்டு. சாவி அடுத்த கட்டடத்தில். இவை இரண்டுக்கே 22 நிமிடம். மறுநாள் கேஷுவாலிட்டி சுவரில் அந்தச் சாவிக்காக ஓர் ஆணி அடித்தோம்.

ஒத்திகையைத் திட்டமிடும்போது ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள். பஸ் விபத்து, தீ, மாரடைப்பு எல்லாவற்றையும் ஒரே மணி நேரத்தில் திணித்தால் களைப்புதான் மிஞ்சும்.

நிஜ நோயாளிகள் தவிப்பார்களே என்பார்கள். 15 நிமிடம் போதும். உயிருக்கு ஆபத்தான நிலையில் உள்ள ‘சிவப்பு’ வகை நோயாளி வந்தால் அந்த நொடியே நிறுத்துவது என்று முதலிலேயே பேசி வையுங்கள். தப்பு செய்கிறவரைப் பிடிக்கத்தான் ஒத்திகை என்பதும் பொய். அப்படி ஒரே ஒரு முறை நடத்திப் பாருங்கள், அடுத்த முறை யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

டாக்டரும் நர்ஸும் மட்டும் கூடினால் போதும் என்ற நினைப்பைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவர், செக்யூரிட்டி, லிஃப்ட்காரர் இல்லாமல் என்ன ஒத்திகை? அன்றிரவு, “பின்பக்கம் சாய்தளம் இருக்கு சார், அந்த வழியா தள்ளிட்டுப் போயிடலாம்” என்று சொன்னது வார்டில் வேலை பார்க்கும் அக்கா. ஒப்பந்த ஊழியர். டியூட்டி முடிந்தும் எங்களுக்காக நின்றவர். அந்த நேரத்துக்கு அவருக்குச் சம்பளம் கிடையாது. ஒத்திகை நேரத்தையும் அவர்களுடைய டியூட்டிக் கணக்கில் எழுதுங்கள் என்று இரண்டு வருடமாகக் கடிதம் கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.