டிப்ஸ் கையில், சம்பளம் கல்லாவிலிருந்து

முன்பெல்லாம் ஓட்டலில் பில்லோடு சின்னத் தட்டில் சோம்பு வரும். கொடுத்த பணத்துக்கு மீதிச் சில்லறையும் அதே தட்டில் திரும்பி வரும். அதில் பத்து ரூபாயை விட்டுவிட்டு எழுந்துவிடுவோம். இப்போது கல்லாவில் ஒட்டியிருக்கும் க்யூஆர் கோடை ஸ்கேன் செய்கிறோம். பில் 347 ரூபாய் என்றால் 347 ரூபாய்தான் போகிறது, மீதி என்று எதுவும் வருவதில்லை. நம் ஊர்க்காரர்கள் கஞ்சர்களாகிவிட்டார்கள் என்று நான் நம்பவில்லை. கொடுப்பதற்கென்று இருந்த தருணம் போய்விட்டது, அவ்வளவுதான். அந்த இழப்பு முழுவதும் சர்வர் தலையில் விழுந்திருக்கிறது. அதனால் டிப்ஸை இனி நினைவு வைத்துக்கொண்டு கொடுக்க வேண்டும். கொடுத்துவிட்டதால் அவருடைய சம்பளத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை என்றும் ஆகிவிடாது.

செய்ய வேண்டியவை

பத்து, இருபது ரூபாய்த் தாள்கள் சிலவற்றைப் பர்ஸில் எப்போதும் வைத்திருங்கள். பில்லோடு சேர்த்து ஸ்கேன் செய்துவிட்டு, “அம்பது ரூபா கூடப் போட்டிருக்கேன், அந்தத் தம்பிகிட்ட கொடுத்துடுங்க” என்று கல்லாவில் சொன்னால், பணம் முதலாளியின் வங்கிக் கணக்குக்குத்தான் போகிறது. நல்ல முதலாளி அன்றைக்கே எடுத்துக் கொடுப்பார். ராத்திரி கணக்கு முடிக்கிற அவசரத்தில் மறந்தும் போகலாம். தாள் இல்லையென்றால் சர்வரிடமே ஜிபே எண்ணைக் கேட்டு நேரே அனுப்பிவிடுங்கள்.

எவ்வளவு கொடுப்பது என்பதற்கு நம் ஊரில் விதி எதுவும் இல்லை. நான் சொல்வது இது: இரண்டு பேர் டிபன் சாப்பிட்டால் பத்து, இருபது ரூபாய். குடும்பமாக ஏசி ஹாலில் உட்கார்ந்து ஆயிரம் ரூபாய்க்குச் சாப்பிட்டால் ஐம்பதுக்குக் குறையக் கூடாது. மீல்ஸ் சாப்பாட்டுக்கு இன்னும் தாராளம் வேண்டும். சாம்பார், வத்தக்குழம்பு, ரசம், மோர், மறுசோறு, இன்னொரு அப்பளம் என்று ஒரே இலைக்கு எத்தனை தடவை வந்துபோகிறார் என்று ஒரு நாள் கவனித்துப் பாருங்கள். டோக்கன் வாங்கி நின்றுகொண்டு சாப்பிடும் கடையில் யாரும் டிப்ஸ் எதிர்பார்ப்பதில்லை.

மேசை துடைக்கும் க்ளீனரையும் கணக்கில் சேருங்கள். ஓட்டலில் மிகக் குறைந்த சம்பளம் பெரும்பாலும் அவருக்குத்தான். வாடிக்கையாளரோடு பேசும் வேலை இல்லாததால் அவர் முகம்கூட நமக்கு நினைவிருப்பதில்லை. சர்வருக்குக் கொடுக்கும்போது அவருக்கும் தனியாக ஒரு தாளை நீட்டுவதில் நமக்கு ஒன்றும் குறைந்துவிடாது.

பில்லைப் படியுங்கள். ஜிஎஸ்டி என்று போட்டிருப்பது அரசாங்கத்துக்குப் போகும் வரி, சர்வருக்கு அதில் ஒரு பைசா கிடையாது. “அதான் எல்லாம் சேர்த்துட்டாங்களே” என்று எழுந்து போகிறவர்கள் பலர் இதைத்தான் குழப்பிக்கொள்கிறார்கள். ‘சர்வீஸ் சார்ஜ்’ என்று இருந்தால் அது வேறு. ஓட்டல்கள் அதைத் தாமாகவே பில்லில் சேர்க்கக் கூடாது, வேறு பெயரிலும் வாங்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4-ல் வழிகாட்டுதல் வெளியிட்டது. அதை எதிர்த்து ஓட்டல் சங்கங்கள் தொடுத்த வழக்குகளை டெல்லி உயர்நீதிமன்றம் 2025 மார்ச் 28-ல் தள்ளுபடி செய்தது. ஆகவே அதை நீக்கச் சொல்லிக் கேட்பதில் கூச்சம் வேண்டாம். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. ஆனால் ஒரு வேண்டுகோள்: சர்வீஸ் சார்ஜை நீக்கச் சொல்லி ஜெயித்துவிட்டு வெறுங்கையோடு போகாதீர்கள். அதில் ஒரு பங்கையாவது பரிமாறியவர் கையில் கொடுங்கள்.

கல்யாண வீட்டிலும் இதே கதைதான். சமையல் மாஸ்டருக்கு வேட்டி துண்டு, தாம்பூலம் எல்லாம் முறையாகப் போகும். பந்தியில் பரிமாறும் பையன்களை யாரும் நினைப்பதில்லை. முகூர்த்த நாட்களில் கேட்டரிங் வேலைக்கு வந்து காலேஜ் ஃபீஸுக்குச் சேர்க்கிற பிள்ளைகள் அவர்களில் நிறைய. முதல் பந்திக்கு முன்பே அவர்களைச் சாப்பிட வையுங்கள். கடைசிப் பந்தி முடிந்ததும் ஆளுக்கு ஒரு கவர் கொடுங்கள். கான்ட்ராக்டரிடம் மொத்தமாகத் தராமல் அவரவர் கையில் கொடுங்கள்.

செய்யக்கூடாதவை

சொடக்குப் போட்டுக் கூப்பிடாதீர்கள். ‘ஏய்’, ‘டேய்’ வேண்டாம். வயதுக்கேற்ப அண்ணே, தம்பி, அக்கா என்று சொன்னால் போதும். ஒடிசா, அஸ்ஸாம், பீகார், நேபாளம் என்று எங்கிருந்தெல்லாமோ வேலைக்கு வந்தவர்கள், சட்னி, சாம்பார், பொடி என்று ஒவ்வொரு வார்த்தையாகத் தமிழ் கற்றுக்கொள்கிறார்கள். அவர்கள் உச்சரிப்பைத் திருப்பிச் சொல்லிச் சிரிக்காதீர்கள். நம் பிள்ளைகளும் இப்படித்தான் வேறு ஊரில் வேறு பாஷையில் பிழைக்கிறார்கள்.

சமையலறையின் தவறுக்குச் சர்வரைத் தண்டிக்காதீர்கள். தோசை தீய்ந்ததற்கும் பிரியாணி வர அரை மணி ஆனதற்கும் அவர் காரணமில்லை. குறையை மேலாளரிடம் சொல்லுங்கள். டிப்ஸைப் பிடித்து வைத்தால் மாஸ்டருக்கு அது எப்படித் தெரியும்?

தண்ணீர் சிந்திய மேசையிலும் எச்சில் தட்டிலும் காசை வைத்துவிட்டுப் போகாதீர்கள். கையில் கொடுங்கள்.

“கொஞ்சம் கூடப் போடு, உன்னைக் கவனிச்சுக்கிறேன்” என்று பேரம் பேசாதீர்கள். பில்லில் வராத பண்டத்துக்குக் கணக்கு கேட்கும்போது மாட்டிக்கொள்வது அவர்தான். பில் கட்டாமல் நழுவுவது அதைவிடக் கொடுமை. அந்தத் தொகையைச் சர்வர் சம்பளத்தில் பிடிக்கிற இடங்கள் இருக்கின்றன.

பதினான்கு வயது நிரம்பாத பிள்ளை மேசை துடைப்பதைப் பார்த்தால், பாவம் என்று இருபது ரூபாய் கொடுத்துவிட்டு வந்துவிடாதீர்கள். ஓட்டல், தாபா, டீக்கடைகளில் குழந்தைகளை வேலைக்கு வைப்பது 2006 அக்டோபரிலேயே தடை செய்யப்பட்டது. 2016 திருத்தத்துக்குப் பிறகு, குடும்பத் தொழிலுக்கு உதவுவது போன்ற சில விலக்குகள் தவிர, அந்த வயதுக்குள் எந்த வேலைக்கும் வைக்கக் கூடாது. 1098-க்குக் கூப்பிடுங்கள். நீங்கள் கொடுத்த காசு அந்தப் பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாது.

ஓட்டல் நடத்துகிறவர்களுக்கு

“டிப்ஸ் வரும்ல, இந்தச் சம்பளம் போதும்” என்று ஒருபோதும் சொல்லாதீர்கள். அந்த ஒரு வாக்கியம் சட்டமாகவே ஆனால் என்ன நடக்கும் என்பதற்கு அமெரிக்கா சாட்சி. அங்கே டிப்ஸ் வாங்கும் ஊழியருக்கு முதலாளி தர வேண்டிய மத்தியக் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 2.13 டாலர். 1991-லிருந்து அது நகரவே இல்லை. பொதுவான குறைந்தபட்சமான 7.25 டாலரை எட்டுவதற்கு மீதி டிப்ஸிலிருந்து வர வேண்டும், வராவிட்டால்தான் முதலாளி ஈடுகட்ட வேண்டும். 15, 20 சதவீதம் வைக்காமல் எழுந்தால் அங்கே முகம் சுளிப்பது இதனால்தான். கலிபோர்னியா போன்ற சில மாநிலங்கள் டிப்ஸைச் சம்பளத்தில் கழித்துக்கொள்ளும் இந்த முறையை ஏற்காமல், முழு ஊதியத்துக்கு மேல்தான் டிப்ஸ் என்று வைத்திருக்கின்றன. அந்த வழியே நியாயம். தமிழ்நாட்டில் ஓட்டல் தொழிலாளருக்கு அரசு நிர்ணயித்த குறைந்தபட்ச ஊதியமும், ஆண்டுதோறும் மாறும் பஞ்சப்படியும் உண்டு. அதைக் கொடுத்துவிட்டுப் பிறகு டிப்ஸைப் பற்றிப் பேசுங்கள். தங்க இடம் கொடுக்கிறோம் என்று அதில் கழிக்காதீர்கள்.

வாரத்தில் ஒரு நாள் முழு விடுப்பு கொடுங்கள். உணவு நிறுவனங்களுக்கென 1958-லேயே நம் மாநிலத்தில் தனிச் சட்டம் வந்துவிட்டது.

டிப்ஸ் உண்டியல் வைத்தால், தினமும் எல்லோர் முன்னாலும் எண்ணிப் பிரியுங்கள். பாத்திரம் கழுவுகிறவருக்கும் பங்கு இருக்கட்டும். முதலாளியும் மேலாளரும் அதில் கை வைக்கக் கூடாது. பிரிட்டனில் டிப்ஸ் முழுவதையும் ஊழியருக்கே தர வேண்டும் என்று 2024 அக்டோபர் முதல் சட்டமே வந்துவிட்டது. க்யூஆர் கோடு வைத்திருக்கிற இடத்தில், ஊழியர் டிப்ஸுக்கென்று தனிக் கணக்கோடு இன்னொரு கோடும் ஒட்டுங்கள். பணம் யாருக்குப் போகிறது என்பதை அதன் மேலேயே பெரிய எழுத்தில் தமிழில் எழுதி வையுங்கள்.