கட்டடம் சரியும் வேகம் உணர்த்துவது யாது?

சென்னையை அடுத்த மௌலிவாக்கத்தில், கட்டப்பட்டு வந்த 11 மாடிக் கட்டடம் 2014 ஜூன் 28 அன்று தானாகச் சரிந்தது; 61 பேர் உயிரிழந்தனர். அதனருகே எஞ்சி நின்ற இணைக் கட்டடம் 2016 நவம்பர் 2 அன்று வெடிமருந்தால் தகர்க்கப்பட்டது. இரண்டும் சில நொடிகளிலேயே தரைமட்டமாயின. எனவே, விரைவாக வீழ்ந்த கட்டடம் வெடிவைத்தே வீழ்த்தப்பட்டிருக்க வேண்டும் என்னும் வாதம் ஆராயத்தக்கது.

வீழ்ச்சிக் கணக்கு

இடுக்கி மாவட்டத்திலுள்ள மாட்டுப்பட்டி அணை சுமார் 83 மீட்டர் உயரமுடையது. அவ்வுயரத்திலிருந்து விழும் கல், காற்றின் தடையை நீக்கிக் கணக்கிட்டால், 4.1 நொடியில் தரையை அடையும். உயரத்தை இரட்டித்து, புவியீர்ப்பு முடுக்கமாகிய 9.8 ஆல் வகுத்து, வர்க்கமூலம் காண்பதே முறை.

கட்டடத்தின் நிலை வேறு. விழும் தளம், அசையாதிருக்கும் கீழ்த்தளத்தோடு தன் உந்தத்தைப் பகிர்ந்துகொள்வதால் வேகம் குறைகிறது. அதே உயரமுள்ள கட்டடம் உச்சியிலிருந்து தளம் தளமாகச் சரிவதாகவும், தூண்களுக்கு வலிமையே இல்லை எனவும் கொள்வோம். அப்போது முடுக்கம் மூன்றிலொரு பங்காகி, வீழ்ச்சிக்கு 7.1 நொடி ஆகும். தூண்களின் எதிர்ப்பு இதனை மேலும் நீட்டிக்கும். மாறாக, கீழ்மாடித் தூண்கள் ஒருசேர வலுவிழப்பின், மேற்பகுதி முழுவதும் சிறிது தொலைவு கல்லைப் போலவே இறங்கும்.

நியூயார்க் சான்று

2001 செப்டம்பர் 11 அன்று நியூயார்க்கில் வீழ்ந்த 47 மாடி ஏழாம் கட்டடம் இதற்குச் சான்றாகும். அதன் வீழ்ச்சியில் 2.25 நொடி நேரம் தடையற்றதாக இருந்தது என்று அமெரிக்கத் தேசியத் தர, தொழில்நுட்ப நிறுவனம் 2008ஆம் ஆண்டு அறிக்கையில் ஒப்புக்கொண்டது. தீயின் வெப்பத்தால் உத்தரங்கள் விரிந்து, ஒரு முக்கியத் தூண் வலுவிழந்ததே தொடக்கக் காரணம் என்பது அதன் முடிவு. தடையற்ற வீழ்ச்சி, அக்கணத்தில் தாங்குவிசை இல்லை என்பதை மட்டுமே காட்டும். அது எவ்வாறு நீங்கிற்று என்பதைக் காட்டாது.

நிர்வாகப் பயன்

கடலோர ஒழுங்குமுறை விதிகளை மீறியமைக்காக, கொச்சியை அடுத்த மரடுவில் நான்கு அடுக்குமாடிக் குடியிருப்புகள் உச்சநீதிமன்ற ஆணைப்படி 2020 ஜனவரி 11, 12 தேதிகளில் தகர்க்கப்பட்டன. தூண்களில் துளையிட்டு வைத்த வெடிமருந்து சிறு இடைவெளிகளில் வெடிக்கச் செய்யப்பட்டது. முழு எடையும் ஒரே கணத்தில் தரையை மோதாதவாறு பிரிப்பதால் நில அதிர்வு குறைகிறது. அண்டை வீடுகள் காக்கப்படுகின்றன.

விபத்து விசாரணையிலோ நொடிக் கணக்கு துணைச் சான்றே. மண்ணின் தாங்குதிறன், கான்கிரீட்டின் வலிமை, கம்பிகளின் அளவு, அனுமதிக்கப்பட்ட வரைபடம் ஆகியவையே காரணத்தைக் காட்டவல்லன. மீட்புப் பணி முடிந்ததும் இடிபாடுகளை அவசரமாக அப்புறப்படுத்தாமல், தூண், அடித்தளம் ஆகியவற்றின் மாதிரிகளை இடம் குறித்துப் பாதுகாப்பது அதிகாரிகளின் முதற்கடமையாகும்.