அறுவைக்கு முன் அமைதி

கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சைத் தோட்டங்கள் சூழ்ந்த ஊர் காமயகவுண்டன்பட்டி. விடுதலைப் போரில் சிறை சென்றோர் பலர் இவ்வூரினர். காந்தியடிகளுக்கு இங்கே ஒரு கோயிலும் உண்டு. இம்மக்கள் போற்றும் அடிகளும் ஒரு முறை அறுவை மருத்துவத்திற்கு உட்பட நேர்ந்தது.

1924ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 12ஆம் நாள் இரவு அது. எரவாடாச் சிறையிலிருந்த அடிகளைக் குடல்வால் அழற்சி வருத்தியது. புனாவிலுள்ள சாசூன் மருத்துவமனைக்கு அவரைக் கொணர்ந்தனர். அவருக்குப் பழக்கமான பம்பாய் மருத்துவர்கள் வரும்வரை காத்திருக்கப் பொழுதில்லை. கர்னல் மேடக் என்னும் ஆங்கிலேயரே அறுவை செய்ய வேண்டியதாயிற்று. தம்மைச் சிறையிலிட்ட அரசின் மருத்துவர் அவர்! எனினும் அடிகள் இசைந்தார். வலங்கைமான் சீனிவாச சாஸ்திரியார் அருகிருந்து, அடிகள் சொல்லச் சொல்ல இசைவுரையை எழுதினார். கையொப்பமிடுங்கால் அடிகளின் கை நடுங்கிற்று. அந்நடுக்கத்தையே மருத்துவரிடம் சுட்டிக்காட்டி நகையாடும் அளவிற்கு அவருள்ளம் தெளிந்திருந்தது. அறுவையின் நடுவே இடியும் மழையுமாகி மின்விளக்கு அவிந்தது. மருத்துவர் அரிக்கேன் விளக்கொளியில் பணியை முடித்தார்.

அத்தெளிவு ஓரிரவில் வந்ததன்று. இளமையில் அடிகள் பேய்க்கு அஞ்சியவர். ரம்பா என்னும் செவிலி, அச்சம் தோன்றும்போதெல்லாம் இராம நாமத்தைச் சொல்லுமாறு கற்பித்தாள். பேயச்சத்திற்கு மருந்தாகத் தொடங்கிய அப்பழக்கம் முதுமையிலும் அவரைவிட்டு நீங்கவில்லை.

அச்சம் மிகுந்தால் நெஞ்சு படபடக்கும், மூச்சு குறுகும், குருதியழுத்தம் ஏறும். மூச்சை மெல்ல இழுத்து, அதனினும் மெல்ல வெளிவிட்டால் நாடி தணியும். மூளையினின்று நெஞ்சிற்கு இறங்கும் வேகசு நரம்பு இதற்குத் துணை செய்கிறது. உள்ளம் ஒரு பெயரையோ மூச்சின் எண்ணிக்கையையோ பற்றி நின்றால், 'என்ன ஆகுமோ' என்னும் கலக்கத்திற்கு இடம் குறையும். கடவுளின் பெயர்தான் வேண்டும் என்பதில்லை.

ஆயினும் தியானம் மயக்கமருந்து ஆகாது. அடிகளும் குளோரபாரம் மயக்கத்திலேயே அறுவைக்கு உட்பட்டார். கத்திக்கு அஞ்சி மருத்துவமனைக்குச் செல்வதைத் தள்ளிப்போடுவோர் இன்றும் உளர். குடல்வால் வெடித்துச் சீழ் பரவினால் உயிருக்கே இடர் நேரலாம். ஆதலின் மருத்துவரிடம் ஐயங்களைக் கேட்டுத் தெளிதலே முதல் வேலை. அறுவைக்கு நாள் குறித்தபின், நாள்தோறும் காலையில் பத்து நிமிடம் மூச்சை எண்ணிப் பழகலாம். அங்ஙனம் பழகியவர்க்கு, அறுவைக்கூடத்தின் வாயிலில் கட்டிலிற் கிடக்கும் அந்தச் சிறுபொழுதில் எண்ணிக்கை தானே நாவில் வரும்.