வணிக வளாகமும் நகர அமைப்பும்

நகரம் என்பது வீடுகளும் வீதிகளும் கூடிய தொகுதி மாத்திரம் அன்று. கொள்வோரும் கொடுப்போரும் கூடும் இடமே அதன் கரு என்பது சரித்திரம் கற்றார் யாவரும் அறிந்ததே. சந்தை கூடிய இடத்தில் வழிகள் வந்து சேர்ந்தன. வழிகள் சேர்ந்த இடத்தில் ஊர் வளர்ந்தது. ஆகவே கடைகள் இடம் மாறுமாயின் நகரமும் உரு மாறும் என்பது தானே பெறப்படும். 20-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இத்தகைய இடமாற்றத்தை விளைத்தது, 'மால்' என வழங்கும் வணிக வளாகம். அஃது எவ்வாறு நகர அமைப்பை மாற்றியது என்பதை ஓர் ஊரின் வரலாறு கொண்டு ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

அமெரிக்க ஐக்கிய நாட்டின் மின்னஸோட்டா மாகாணத்தில், மின்னியாபொலிஸ் என்னும் பெருநகரை அடுத்து ஈடைனா என்னும் ஊர் உளது. அங்கே 1956-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் 'சவுத்டேல்' என்னும் வளாகம் திறக்கப்பெற்றது. முழுவதும் கூரையால் மூடப்பெற்று, வெளியே உறைபனி பெய்யினும் உள்ளே இளவேனிற்காலம்போல் ஒரே வெப்பநிலை நிலவுமாறு அமைக்கப்பெற்ற வளாகங்களுள் இதனையே முதலாவதாகக் கூறுவர். இதனை வகுத்தவர் விக்டர் குரூயன் என்பார். இவர் 1903-இல் வியன்னா நகரிற் பிறந்த யூதர். ஹிட்லர் ஆஸ்திரியாவைக் கைப்பற்றிய 1938-ஆம் ஆண்டில் தாயகம் துறந்து அமெரிக்கா சேர்ந்தவர். மக்கள் காலாற நடந்து, கண்டு பேசி, அமர்ந்து அளவளாவும் வியன்னாவின் வீதிகள் இவர் உள்ளத்தில் நின்றன. மோட்டார் வண்டியின்றி அண்டை வீட்டையும் அடைய அரிதாகிய அமெரிக்கப் புறநகர்களில் அத்தகைய கூடுமிடம் ஒன்றை உண்டாக்குவதே இவருடைய நோக்கம்.

குரூயனது திட்டத்தில் வளாகம் நடுநாயகமாக விளங்க, அதனைச் சூழக் குடியிருப்புகளும், பள்ளிகளும், மருத்துவ நிலையமும், பூங்காவும், ஏரியும் அமைய வேண்டும் என்றிருந்தது. ஆனால் அவர் கருதிய அந்தச் சிறு நகரம் கருதியவண்ணம் உருப்பெறவில்லை. வளாகம் எழுந்தவுடன் சுற்றிலுமுள்ள நிலத்தின் விலை உயர்ந்தது. விலை உயரவே, எது மிகுந்த இலாபம் தருமோ அதுவே அந்நிலத்தில் இடம்பெற்றது. வளாகத்தின் நாற்புறமும் சூழ்ந்தது வண்டி நிறுத்தும் வெளியே.

இனி, இதனால் விளைந்தவற்றை முறையே நோக்குவோம்.

முதலாவது, நிலம். மோட்டார் வண்டி ஒன்று நிற்பதற்கும், திரும்பி வெளியேறுவதற்கும் சேர்த்து ஏறத்தாழ 300 சதுர அடி நிலம் வேண்டும். சவுத்டேலில் 5,000-க்கு மேற்பட்ட வண்டிகளுக்கு இடம் வகுத்தனர். 5,000 வண்டிகளுக்கே 15 இலட்சம் சதுர அடி, அஃதாவது 34 ஏக்கருக்கு மேல், தேவையாகும் என்பது எளிய கணக்கு. இவ்வளவு நிலம் பழைய நகரின் நடுவே கிடைப்பது அரிது. கிடைப்பினும் விலை கொடுத்து மாளாது. ஆதலின் வளாகம் ஊர்ப்புறத்தை நாடிற்று. பெருஞ்சாலைகள் அதற்குத் துணைநின்றன. சவுத்டேல் திறந்த அதே 1956-ஆம் ஆண்டில்தான், 41,000 மைல் நீளமுள்ள பெருஞ்சாலைகளை அமைக்கும் சட்டமும் அந்நாட்டில் நிறைவேறியது. சாலை வளாகத்தை வளர்த்தது. வளாகம் சாலையில் வண்டிகளைப் பெருக்கிற்று.

இரண்டாவது, பழைய கடைவீதி. மின்னியாபொலிஸ் நகரின் நிக்கலெட் வீதியிற் புகழ்பெற்றிருந்த டேட்டன், டொனால்ட்சன் என்னும் இரு பெருங்கடைகளும் சவுத்டேலிற் கிளைகளை நிறுவின. பெருங்கடை இரண்டு இரு தலைப்பிலும் நிற்க, இடையிலே சிறுகடைகள் அமைவதே வளாகத்தின் இலக்கணம். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நடப்போர் கண்ணில் சிறுகடைகள் படும். முன்னர் நகர வீதி இயல்பாகச் செய்துவந்த தொழிலை வளாகம் தன் சுவருக்குள்ளே செய்யத் தொடங்கிற்று. 1950-இல் 5,21,000-க்கு மேலாக இருந்த மின்னியாபொலிஸ் மக்கள்தொகை 1990-இல் 3,68,000 அளவிற்குக் குறைந்தது. இதற்கு வளாகமே காரணம் என்று கூறுதல் பொருந்தாது. புறநகர் வீடுகளும் பெருஞ்சாலைகளும் முற்பட்ட காரணங்களாம். எனினும், மக்கள் சென்ற வழியே கடைகளும் செல்ல, கடைகள் சென்ற வழியே மேலும் மக்கள் சென்றனர் என்பதில் ஐயமில்லை.

மூன்றாவது, வரி. பொருள் வாங்குவோர் பல ஊர்களிலிருந்து வருவர். வளாகத்தின் மீதுள்ள சொத்துவரியோ அது நிற்கும் ஊருக்கே சேரும். ஆதலின் அண்டை ஊர்கள் ஒன்றோடொன்று போட்டியிட்டு வளாகங்களை அழைக்கும். முதியோரும் ஏழைகளும் மிகுந்த பழைய நகரம் செலவு குறையாமல் வருவாய் மட்டும் குறைந்து நிற்கும்.

நான்காவது, பொதுவிடம். இதுவே யாம் பெரிதும் கருதுவது. வீதி எல்லார்க்கும் உரியது; வளாகத்தின் நடைவெளி உடையவர்க்கே உரியது. ஆரெகன் மாகாணத்துப் போர்ட்லண்ட் நகரிலுள்ள வளாகமொன்றில் வியட்நாம் போருக்கு எதிரான துண்டுப் பிரசுரங்களை வழங்கியோர் தடுக்கப்பட்டனர். அவ்வழக்கில், பொது வீதியிலுள்ள உரிமை அங்கே செல்லாது என 1972-இல் அமெரிக்க உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஊரார் கூடுமிடம் முழுவதும் ஒருவரது உடைமையாயின், அங்கே வாங்குவதற்கு உரிமை உண்டு. வாதிப்பதற்கு உரிமை இல்லை. கையிற் காசில்லாதவன் வீதியிற் குடிமகன். வளாகத்திலோ வெறும் வழிப்போக்கன்.

இக்குறைகளுக்குப் பரிகாரம் உண்டோ எனின், உண்டு. மின்னியாபொலிஸ் நகரத்தார் 1967-இல் நிக்கலெட் வீதியிலிருந்து தனியார் மோட்டார் வண்டிகளை விலக்கி, நடப்போர்க்கும் பஸ்களுக்கும் உரியதாக்கினர். மின்னஸோட்டா சட்டசபை 1971-இல் ஓர் அரிய சட்டம் இயற்றிற்று. அதன்படி, பெருநகர்ப் பகுதியில் வணிகச் சொத்துக்களின் வரிமதிப்பு அவ்வாண்டிற்குப் பின் வளர்ந்த அளவில் 100-க்கு 40 பங்கு பொதுத் தொகுதியிற் சேர்ந்து, எல்லா ஊர்களுக்கும் பகிரப்படும். இங்கிலாந்தில், கடை கட்ட விரும்புவோர் முதலில் நகர நடுவிலும், அங்கு இடமில்லையாயின் அதன் ஓரத்திலும் தேடி, அதன் பின்னரே ஊர்ப்புறம் நாடவேண்டும் என்னும் நெறியை 1996-இல் வகுத்தனர்.

குரூயன் 1968-இல் வியன்னா மீண்டார். அந்நகருக்குத் தெற்கே 1976-இல் மாபெரும் வளாகமொன்று எழுந்ததையும், அது பழைய கடைகளுக்குக் கேடாவதையும் கண்டு வருந்தினார். வணிக வளாகங்களின் தந்தை என்று தம்மை அழைப்பதை 1978-இல் ஆற்றிய சொற்பொழிவொன்றில் மறுத்துரைத்தார், 1980-இல் மறைந்தார். சவுத்டேல் இன்றும் உளது. முன்னர் வண்டிகள் நின்ற வெளியின் ஒரு பகுதியில் அண்மை ஆண்டுகளில் குடியிருப்பு மாடிகள் எழுந்துள்ளன. வகுத்தவர் விரும்பியதிற் சிறு பகுதி அரை நூற்றாண்டு கழித்து நிறைவேறியதெனலாம்.

நம் சென்னையில் எக்ஸ்பிரஸ் அவென்யூ 2010-இலும், வேளச்சேரி ஃபீனிக்ஸ் 2013-இலும் திறந்தன. இவை வயல்வெளியில் அல்லாமல் நகருக்குள்ளேயே எழுந்தவை. ஆதலின் இவற்றின் சுமை புதிய சாலைகளின் மீதன்றிப் பழைய வீதிகளின் மீதே விழுகின்றது. மற்றொருபால், 2019-இல் பாண்டிபஜாரில் நடப்போர்க்கென அகன்ற நடைபாதை அமைக்கப்பெற்றது. இவ்விரு வழிகளும் நம் கண்முன்னே உள்ளன.

வளாகம் தன்னளவில் தீயதன்று. வெயிலும் மழையும் தாக்காமல், குழந்தைகளோடு அச்சமின்றி உலவும் இடத்தை மக்கள் விரும்புதல் இயல்பே. அவ்வின்பத்தை வீதியிலே தரத் தவறிய நகராட்சியே வளாகத்திற்கு வழிவகுத்தது. ஆகவே நகர அமைப்பைக் கற்கும் மாணவர், புதிய வளாகம் ஒன்றின் வரைபடத்தைக் காணும்போதெல்லாம் மூன்று வினாக்களை எழுப்புதல் வேண்டும்: வண்டியில்லாதவன் இங்கே எவ்வாறு வருவான்? இதன் வரி யாருக்குச் சேரும்? இதன் வாயில் அடைக்கப்பட்ட பின்னர் ஊரார் எங்கே கூடுவர்? இவற்றிற்கு விடை கண்டபின் கட்டப்பெறும் வளாகம் நகரத்தின் உறுப்பாகும். காணாது கட்டப்பெறுவது, நகரத்தின் உயிரை உண்டு வளரும் புல்லுருவியேயாம்.